மாமனாக வந்தவர்

பரஞ்சோதி முனிவர் பாடிய 64 திருவிளையாடல்களில், ஆவணி மூலத்தன்று மதுரைப் புட்டுத்தோப்பில் ஜனங்களைத் திரட்டுகிற பிட்டுக்கு மண் சுமந்த கதைக்குள்ள பிராபல்யம் மாமனாக வந்து வழக்குரைத்த கதைக்கு இல்லை. பிள்ளையில்லாத தனபதி என்னும் வணிகன் தன் சொத்தையெல்லாம் தங்கை மகனுக்குக் கொடுத்துவிட்டுத் தவத்துக்குப் போக, தாயத்தார் அதை அபகரித்துக்கொள்ள, திக்கற்ற தாயின் முறையீட்டுக்கு இரங்கிய சொக்கநாதர் தனபதியின் வேஷத்திலேயே சபைக்கு வந்து வழக்காடினார். இவன் தனபதியே அல்லன் என்று எதிரிகள் ஆட்சேபித்தபோது, அவர்களுடைய பெயரையும் குலமுறையையும் குணத்தையும் அவர் ஒவ்வொன்றாக எடுத்துரைக்க, சபையோர் அதையே போதிய அத்தாட்சியாக ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த அத்தாட்சி இன்று செல்லாது. குடும்ப விவரம் அறிந்தவன் குடும்பத்தவனாகத்தான் இருப்பான் என்ற நியாயம், விவரங்கள் உறவுக்குள்ளேயே புழங்கிய காலத்துக்கு உரியது. மொய் எழுதியவர் பெயரை மைக்கில் வாசிக்கிற ஊர் நம்முடையதுதான். என்றாலும் அதைக் கேட்டவர்கள் பந்திக்கு வந்தவர்கள் மட்டுமே. இப்போதோ, திருமங்கலத்துக் காதுகுத்தில் தாய்மாமன் வைத்த சீர் என்ன, மேலூர் அத்தையின் பேரன் சேர்ந்த கல்லூரி எது என்பதையெல்லாம் படத்தோடும் பெயரோடும் முகநூலில் நாமே ஏற்றிவைத்திருக்க, அவற்றை அப்படியே எடுத்து இன்னொரு கணக்கைத் திறந்து, "அவசரம் மாப்ளே, பத்தாயிரம் ஜிபே பண்ணு, நாளைக்குத் தந்துர்றேன்" என்று எழுதுவதற்கு அற்ப சாமர்த்தியமே போதும்.

ஏமாறுகிறவர்கள் எல்லாரும் படிப்பில்லாதவர்கள் என்று எண்ணுவது வெறும் கர்வம். 2024-இல் லூதியானாவின் வர்தமான் நூற்பாலைக் குழுமத் தலைவர் எஸ். பி. ஓஸ்வால், பத்மபூஷண் விருது பெற்றவர், 82 வயதின் அனுபவம் உடையவர், ஸ்கைப்பில் தோன்றிய போலி உச்ச நீதிமன்றத்தை மெய்யென்று நம்பி, தலைமை நீதிபதி சந்திரசூட்டாக நடித்த ஒருவனுடைய உத்தரவுக்குப் பணிந்து 7 கோடி ரூபாயை இழந்தார். சொக்கநாதர் மெய்யான சபைக்கு மாறுவேஷத்தில் வந்தார். இங்கே சபையே மாறுவேஷம் பூண்டு வீட்டுக்கு வருகிறது. இப்படி வருகிறவர்கள் காட்டி மிரட்டும் 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று சட்டத்தில் கிடையாது என்று அவ்வாண்டு அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொல்ல நேர்ந்தது.

விவரமும் முகமும் அத்தாட்சியல்ல. குரலைக்கூட இப்போது நகலெடுக்கிறார்கள். நமக்கு எஞ்சியிருப்பது அவகாசம் ஒன்றே. பேச்சை அறுத்துவிட்டு, முன்பிருந்தே நம்மிடம் உள்ள எண்ணுக்கு நாமே அழைத்து விசாரிக்க ஐந்து நிமிஷம் போதும். வேஷக்காரன் அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் தர மறுக்கிறான். மெய்யான மாமாவாக இருந்துவிட்டால் மனஸ்தாபம் வருமே என்று நாம் தயங்குகிறோம். வரட்டுமே, மாமாக்கள் கோபிப்பதும் சமாதானமாவதும் புதிதா என்ன?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவு இத்தகைய ஆள்மாறாட்டத்துக்கு 3 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. ஆனால் போலீஸ் விசாரணை ஆரம்பமாவதற்குள் பணம் கணக்குவிட்டுக் கணக்கு பறந்துவிடுமாதலால், இடைவழியில் அதை நிறுத்திவைக்க ஏதேனும் வாய்ப்பு உண்டென்றால், அது முதல் சில மணி நேரத்துக்குள் இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைப்பவர்களுக்கே. ஊரார் சிரிப்பார்களே என்று இரண்டு நாள் வாய்மூடி இருந்தவர்களுக்கு அந்த எண்ணால் அதிகப் பிரயோஜனம் இல்லை.

தனபதியாக வந்தவர், சொத்தை மருமகன் பெயருக்கு எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டு மறைந்தார். வழிச்செலவுக்கென்று அவர் ஒரு காசு கேட்டதாகப் புராணத்தில் இல்லை.