பின்னால் மிதித்தால் பிரேக்!

நெதர்லாந்தில் வேலை கிடைத்து வரும் நம்மவர்கள் புளி, சாம்பார்பொடி, குக்கர் என்று பார்த்துப் பார்த்துப் பெட்டி கட்டுகிறார்கள். சைக்கிளைப் பற்றி மட்டும் யாரும் யோசிப்பதில்லை. "ஸ்கூல் படிக்கிறப்ப ஓட்டினதுதானே!" என்பார்கள். ஓட்டினதுதான். ஆனால், இது வேறு ரகம்.

இங்கே மக்கள்தொகை சுமார் 1.8 கோடி, சைக்கிள்கள் 2 கோடிக்கும் மேல். உட்ரெக்ட் ரயில் நிலையத்துக்கு அடியில் மூன்று தளங்களில் 12,500 சைக்கிள்களை நிறுத்தலாம். கோட் போட்ட அதிகாரியும், காய்கறி வாங்கப்போகும் பாட்டியும் ஒரே பாதையில்தான் போவார்கள். இருவருமே உங்களைவிட வேகமாக!

முதல் சிக்கல் உயரம். டச்சுக்காரர்கள் நெடுநெடுவென்று வளர்ந்தவர்கள். அவர்கள் சைக்கிளில் ஏறினால் நமக்குக் கால் தரையில் எட்டாது. கூச்சப்படாமல் பள்ளிப் பிள்ளைகளுக்கான சைக்கிளாகப் பார்த்து, செகண்ட் ஹேண்டில் வாங்குங்கள். அடுத்தது பிரேக். பல சைக்கிள்களில் கைப்பிடியில் பிரேக்கே இருக்காது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் நிற்கும். நம் விரல்களோ பழக்கதோஷத்தில் காற்றைப் பிடித்து அழுத்தும். காலி மைதானத்தில் இரண்டு நாள் பழகிவிட்டே ரோட்டுக்கு வாருங்கள்.

போக்குவரத்து வலதுபக்கம். அடையாளம் எதுவும் இல்லாத சந்திப்பில், வலப்புறமிருந்து வருபவருக்குத்தான் முன்னுரிமை. ரோட்டில் வெள்ளை முக்கோணங்கள் சுறாப் பற்கள் மாதிரி உங்களை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால், வழிவிட வேண்டியவர் நீங்கள். திரும்புமுன் கையை நீட்டிக் காட்ட வேண்டும். இருட்டினால் முன்னும் பின்னும் விளக்கு எரிய வேண்டும். சைக்கிள் ஓட்டியபடி கையில் போனைப் பிடிப்பதற்கு 2019 ஜூலை முதல் தடை. நம் ஊர் பெல் அடிக்கும் தைரியம் மட்டும் இங்கே போதாது.

இந்த ஒழுங்கு வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1971-ல் இந்தக் குட்டி நாட்டில் சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றவர்கள் தெருவில் இறங்கினார்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்றே அந்த இயக்கத்துக்குப் பெயர். 1973-ல் பெட்ரோல் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, அரசாங்கம் சைக்கிள் பக்கம் திரும்பியது. இன்று பிள்ளைகள் தனியாகப் பள்ளிக்கு மிதித்துப் போகும் சிவப்புப் பாதைகளுக்குப் பின்னால் அந்த அழுகை இருக்கிறது.

நம் பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். கணவருக்கு வேலை, குழந்தைக்கு நாலு வயதானால் பள்ளி. வண்டி ஓட்டத் தெரியாத மனைவிக்கு பஸ் அட்டவணைதான் உலகம். ஐந்தோவனில் எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வந்த பெண்ணுக்கும் அதே கதை. குழந்தையை விட்டுவரவே காலை முழுக்கப் போய்விடும். "எதுக்கும்மா ரிஸ்க்?" என்பது கணவரின் கட்சி. அவள் அம்மாவோ புதுக்கோட்டைக்காரர். 90-களில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது சைக்கிள் கற்ற ஆயிரக்கணக்கான பெண்களில் ஒருவர். வீடியோ காலில் மாப்பிள்ளை காதுபடவே சொன்னார்: "நாங்க புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு வாடகை சைக்கிள்ல பழகினோம்டி. உனக்குத்தான் தனியா ரோடே போட்டுக் குடுத்திருக்காங்களே!"

வெளிநாட்டிலிருந்து வந்த பெண்களுக்கென்றே இங்கே பல ஊர்களில் சைக்கிள் வகுப்புகள் நடக்கின்றன. டச்சு மொழி வகுப்பில் விசாரித்தாலே வழி சொல்வார்கள். அவளும் சேர்ந்தாள். ஆறு வாரம். முதலில் தள்ளிக்கொண்டு நடை, பிறகு ஒற்றைக் கால் உந்தல், அப்புறம்தான் பெடல். இப்போது குழந்தையைப் பின்சீட்டில் வைத்துப் பள்ளிக்குப் போகிறாள். கணவர் முதல் வாரம் முழுக்கப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனார், பாவம்.

வாங்கும்போது பூட்டு இரண்டாக வாங்குங்கள்; சைக்கிள் திருட்டு இங்கே சர்வசாதாரணம். குடையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், எதிர்க்காற்று அதை ஒரே நொடியில் பூவாக விரித்துவிடும். மழைக்கு நல்ல கோட்டும், பேன்ட்டுக்கு மேல் போடும் மழைப் பேன்ட்டும்தான் சரி.