டிரெய்லர் ஏன் ஒரே நீளம் இல்லை?



நம்ம ஊர் ரோட்டில் டிரெய்லர் லாரி போனால் சக்கரத்தை எண்ணுவோம். நீளம் ஏன் மாறுதுன்னு யோசித்திருக்கிறோமா?

கப்பல் கன்டெய்னர்கள் பெரும்பாலும் 20 அடி, 40 அடி. நீளம் இரண்டு மடங்கு. ஆனால் எடை வரம்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் இரும்பு, கிரானைட் போன்ற கனத்த சரக்குக்குச் சின்னதே போதும். பஞ்சு, மெத்தைக்குத்தான் நீளம் வேண்டும். காற்றாலை இறக்கையை வெட்டி ஏற்ற முடியாது. அதற்கு மிக நீண்ட டிரெய்லர். நெய்வேலி சுரங்கத்துக்குப் போகிற மாதிரி பெரிய எந்திரத்துக்கோ தாழ்வான, பல சக்கர டிரெய்லர். சக்கரம் கூடினால் எடை பகிர்ந்து இறங்கும், ரோடும் தாங்கும்.

ஆனால் நீளம் கூடினால் திரும்புவது கஷ்டம். தலை போன வழியில் வால் வராது. பின் சக்கரம் உள்பக்கமாக ஒதுங்கி வரும். அந்த மூலையில்தான் நாம சைக்கிளோட நிற்கிறோம்! டிரைவர் கண்ணுக்கு நாம் தெரியாமலே போகலாம்.

என் கருத்து இதுதான்: டிரைவரைத் திட்டுவதை விட, டிரெய்லர் திரும்பும்போது பத்தடி தள்ளி நிற்போம். ஒரு நிமிஷம் லேட்டானால் பள்ளிக்கூடம் ஓடியா போகும்?



– 9-ஆம் வகுப்பு மாணவன்