பக்கவிளைவே இல்லாத மூளை மருந்து

பொதுத்தேர்வு நெருங்கினால் போதும், மருந்துக்கடை முகப்பில் வல்லாரை மாத்திரையும் நீர்ப்பிரமி டப்பாவும் வந்து உட்கார்ந்துவிடும். "ஞாபகசக்தி கூடும், மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது" என்பார் கடைக்காரர். பெற்றோரும் அப்படியே நம்புகிறார்கள். ஒரே மூச்சில் சொல்லப்படும் இந்த இரண்டு உறுதிமொழிகளும் ஒன்றாக நிற்க முடியாதவை.

நினைவுக்கு வேண்டிய வேதிப்பொருள்களில் ஒன்று அசிட்டைல்கோலின். ஒரு நரம்பிலிருந்து அடுத்ததற்குச் செய்தி சொன்னதும் அதை உடனே சிதைத்துவிடுவது அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. அந்த நொதியைச் சற்றே அடக்கினால் அசிட்டைல்கோலின் கூடுதல் நேரம் தங்கும். அல்சைமர் நோயாளிகளுக்குத் தரும் டோனெபெசில் செய்வது இதைத்தான். நோயை அது குணமாக்காது. சிலருக்கு அறிகுறிகளைக் கொஞ்ச காலம் தணிக்கும். அதற்கே குமட்டல், வயிற்றுப்போக்கு, நாடித்துடிப்புக் குறைவு எல்லாம் வரலாம்.

அதே நொதியை முழுசாக முடக்கினால்? பூச்சிமருந்து குடித்தவரின் வாயில் நுரை தள்ளுகிறது, கண்மணி சுருங்குகிறது, மூச்சுத் திணறுகிறது. 2013இல் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகளைக் கொன்ற மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து தாக்கியதும் இந்த நொதியைத்தான். அது ரசாயனம், நம்முடையது இயற்கை என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். ஆப்பிரிக்காவின் கலபார் பகுதியில், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குக் கொடுத்துச் சோதித்த கொடிய அவரைவிதை செடியில் காய்த்ததுதான். அதிலுள்ள நஞ்சின் அமைப்பை ஒட்டித்தான் பிற்காலத்தில் ரிவாஸ்டிக்மின் என்ற மறதிநோய் மருந்து உருவானது. நஞ்சா மருந்தா என்பதை அளவு தீர்மானிக்கிறது. செடியில் விளைந்ததா, ஆலையில் செய்ததா என்பது நொதிக்குத் தெரியாது.

ஆகவே டப்பாவில் இருப்பது மூளையின் வேதியியலை உண்மையிலேயே அசைக்கிறது என்றால், பக்கவிளைவுக்கும் இடமுண்டு. பக்கவிளைவு அறவே இல்லையென்றால் அது எதையும் அசைக்கவில்லை. நீர்ப்பிரமியை மூன்று மாதம்போல் சாப்பிட்ட பெரியவர்களிடம் சில ஆய்வுகள் சிறு முன்னேற்றத்தைக் கண்டன; கூடவே வயிற்றுக் கோளாறையும் கண்டன. வல்லாரைக்கு அந்தச் சிறு முன்னேற்றமும் இல்லை. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான அலசலில், அறிவுத்திறனைப் பொறுத்தவரை மருந்தில்லாத போலி மாத்திரைக்கும் வல்லாரைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. விளம்பரங்கள் அடுக்கும் "அறிவியல் நிரூபணம்" பெரும்பாலும் எலிகளிடம் கிடைத்தது. பிளஸ் டூ வேதியியலை எலி எழுதுவதில்லை.

இன்னொன்று, இதைவிட மோசமானது. பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற தெற்காசிய ஆயுர்வேதத் தயாரிப்புகள் 70ஐச் சோதித்து 2004இல் முடிவு வெளியிட்டார்கள். 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. குழந்தையின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. புத்தி வளர வாங்கிய டப்பாவிலேயே புத்தியை மழுக்கும் உலோகம் இருந்தால் என்ன செய்வீர்கள்?

வல்லாரைத் துவையல் அரையுங்கள், யாரும் தடுக்கவில்லை, நல்ல கீரை. ஆனால் டப்பாவில் அடைத்ததைப் பிள்ளைக்குக் கொடுக்கும் முன், கன உலோகப் பரிசோதனை அறிக்கை எங்கே என்று கேளுங்கள். காட்டவில்லையா, அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.