பந்து விளையாட கோடையா, பனிக்காலமா? வயலைக் கேளுங்க!

"சித்தப்பா, வெளிநாட்டுல எல்லாம் குளிர்காலத்துலதான் ஃபுட்பால் ஆடுதாங்க. நாமதான் கத்திரி வெயில்ல டோர்னமெண்ட் வைக்கோம். இத மார்கழிக்கு மாத்தினா என்ன?"

சென்னையில வேலை பார்க்கிற அண்ணன் மகன் போன வாரம் போன்ல கேட்டான். அங்க அவனுக்கு வாடகைக்குப் புல்தரை கிடைக்குது, ராத்திரி லைட் போட்டு ஆடுதான். நியாயமான கேள்விதான். ஆனா அவன் ஒண்ண மறந்துட்டான். மார்கழியில எங்க ஊர்ல பந்து உருட்ட இடம் எங்க இருக்கு?

பட்டணத்துல இருக்கவங்களுக்காக கொஞ்சம் விளக்கமாச் சொல்லுதேன். எனக்கு சேரன்மகாதேவி பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்துல ஒண்ணேகால் ஏக்கர் நஞ்சை. தாமிரபரணிக் கரையில கார், பிசானம்னு ரெண்டு போகம். அணையில தண்ணி இருந்தா ஜூன் மாசம் பாபநாசம் திறப்பாங்க, கார் நடுவோம். புரட்டாசியோட அது முடியும். வடகிழக்குப் பருவமழையை நம்பி ஐப்பசியில பிசானம். மாசி, பங்குனியில அறுப்பு. அப்ப மார்கழியில வயல்ல நிக்கிறது நெல்லு. வருஷத்துல வயல் சும்மா கிடக்கிறது பங்குனிக் கடைசியில இருந்து வைகாசி வரைக்கும்தான். அறுத்த தாளை மட்டம் தட்டி, நாலு கம்பு நட்டா அதுதான் எங்க ஸ்டேடியம்.

அதுபோக மார்கழி மழையை நம்ப முடியுமா? 2023 டிசம்பர் 17, 18 ரெண்டு நாளும் எங்க மாவட்டம் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெய்ஞ்சுது. ஆறு ஊருக்குள்ள வந்துட்டு.

இன்னொரு விஷயமும் உண்டு. ஆடுறதுக்கு ஆள் வேணும்லா? எங்க பயலுவ பாதிப்பேரு கோயம்புத்தூர், பெங்களூர், துபாய்னு கிடக்கான். அம்மன் கோயில் கொடைக்குத்தான் ஊருக்கு வாரான். எங்க ஊர்க் கொடை சித்திரையில. பள்ளிக்கூடம் லீவும் அப்பத்தான்.

யோசிச்சுப் பார்த்தா உலகத்துலயும் இப்படித்தான் நடந்திருக்கு. இங்கிலாந்துல கோடையில மைதானம் கிரிக்கெட்காரனுக்கு. ஷெஃபீல்டு ஊர்ல 1820-ல தொடங்கின வெட்னஸ்டே கிரிக்கெட் கிளப், 1867-ல ஃபுட்பால் அணி ஆரம்பிச்சதே குளிர்காலத்துல ஆளுக கலைஞ்சிரக் கூடாதுன்னுதான். கொல்கத்தாவுல குளிர்காலம் கிரிக்கெட்டுக்கு, ஃபுட்பாலுக்கு மழைக்காலம். மோகன் பகான் ஆளுக பெரும்பாலும் வெறுங்காலோட ஆடி, வெள்ளைக்கார ராணுவ அணியை ஜெயிச்சு ஷீல்டு வாங்கினது 1911 ஜூலை 29. எந்தக் காலத்துல தரை காலியா இருந்துதோ அந்தக் காலத்துல ஆடியிருக்கான். அதனால சித்திரையில ஆடுறவன் கிறுக்கன் இல்ல.

இவ்வளவும் சொல்லிட்டேன். இனி நான் வெயிலுக்கு வக்காலத்து வாங்குதேன்னு நினைக்காதீங்க.

நாலு வருஷத்துக்கு முன்னால என் வயல்லதான் செவன்ஸ் டோர்னமெண்ட் நடந்துச்சு. இருபத்தி நாலு டீம், ரெண்டே நாள். இருபத்து மூணு ஆட்டத்தை ரெண்டு நாளுக்குள்ள அடைக்கணும்னா உச்சி வெயில்லயும் ஆடித்தானே ஆகணும்? ரெண்டாம் நாள் மத்தியானம் ஒண்ணரை மணி. பன்னிரண்டாம் வகுப்பு எழுதிட்டு ரிசல்டுக்குக் காத்திருந்த பையன் ஒருத்தன், பந்தை விரட்டிட்டுப் போனவன் அப்படியே மடங்கி விழுந்தான். தடுக்கி விழுந்துட்டான்னு எல்லாரும் சிரிச்சாங்க. அவன் எந்திரிக்கல. தொட்டுப் பார்த்தா உடம்பு கொதிக்கி, வேர்வை இல்ல, பேச்சு குழறுது. வாய்க்கால்ல சொட்டுத் தண்ணி கிடையாது. கலர் வித்துக்கிட்டிருந்தவர்ட்ட ஐஸைப் பிடுங்கி அக்குள்லயும் கழுத்துலயும் வச்சு, குடத்துத் தண்ணியத் தலையில ஊத்தி, ஆட்டோவுல தூக்கிட்டு ஓடினோம்.

பையன் பிழைச்சுட்டான். மூணு நாள் ஆஸ்பத்திரி. அவன் அம்மா என்னைய ஒரு வார்த்தை சொல்லல. "உங்க வயல்தானா அண்ணாச்சி?"ன்னு மட்டும் கேட்டா. அந்த ஒரு கேள்விக்கு இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட பதில் இல்ல. அடுத்த வருஷத்துல இருந்து வயலைக் கொடுக்கல. கிடை போட்டுட்டேன். ஆடு படுத்து எழுந்தா அடுத்த போகத்துக்கு உரம், நமக்கும் நிம்மதி.

பயலுவ என்ன செஞ்சான்? பக்கத்து ஊர்ல போய் அதே மத்தியான வெயில்ல ஆடினான். அப்பத்தான் உறைச்சுது. தப்பு மாசத்துல இல்ல, மணியில இருக்கு.

கபடிக்காரன் இத எப்பவோ புரிஞ்சுக்கிட்டான். எங்க பக்கம் கபடிப் போட்டி நடக்கிறது ராத்திரியில, ட்யூப் லைட் வெளிச்சத்துல. மலப்புரத்துலயும் செவன்ஸ் ராத்திரி லைட்லதான். காசு கொட்டிக் கிடக்கிற கத்தார்லயே வெயிலுக்குப் பயந்து 2022 உலகக்கோப்பையை ஜூன், ஜூலையில இருந்து நவம்பருக்குத் தள்ளினாங்க. 2014-ல பிரேசில்ல சூடு அளவு மீறினப்ப, அரை மணி நேரம் ஆனதும் தண்ணி குடிக்க ஆட்டத்தை நிறுத்தினாங்க. நம்ம பயலுவ மட்டும் என்ன இரும்பா?

ஃபுட்பாலுக்குப் பெரிய இடம், அவ்வளவுக்கும் லைட் போட்டா ஜெனரேட்டர் செலவு கட்டாது. அதனால இந்த வருஷம் வயல் கேட்டு வந்தவங்கட்ட ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தேன். பதினாறு டீம் போதும், பதினஞ்சு ஆட்டம். ஒரு ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம். காலையில ஆறுல இருந்து ஒம்பதுக்குள்ள மூணு, சாயங்காலம் நாலுல இருந்து ஆறுக்குள்ள ரெண்டு. மூணு நாள்ல முடிஞ்சிரும். நடுவுல எவனும் வயல்ல கால் வைக்கக் கூடாது. பாதி ஆட்டத்துக்கு ஒரு தடவை நிறுத்தித் தண்ணி. பந்து வாங்க மறந்தாலும் ஐஸ் வாங்க மறக்கக் கூடாது.

"எட்டு டீம் நுழைவுக் கட்டணம் போயிருமே அண்ணாச்சி"ன்னு ஒருத்தன் தலையச் சொறிஞ்சான். "பரிசுத்தொகையக் குறைச்சுக்கோலே"ன்னுட்டேன். அரை மனசாத்தான் ஒத்துக்கிட்டான்.

அண்ணன் மகன் கேட்ட மாதிரி மார்கழியிலயும் ஆடணும்னா, நெல்லு விளையாத இடம் ஒண்ணு ஊருக்கு வேணும். 2024-ல அரசாங்கம் ஊராட்சிகளுக்கு விளையாட்டுச் சாமான் கொடுத்துது, நல்ல விஷயம். அந்தப் பந்தை உருட்ட ஊருக்கு ஒரு ஏக்கர் புறம்போக்கை ஒதுக்கி, முள்ளு வெட்டி மட்டம் பண்ணிக் கொடுத்தா பயலுவ எந்த மாசமும் ஆடுவான். அதுவரைக்கும் என் வயல் இருக்கு. ஆனா மத்தியானம் கிடையாது.

இந்தத் தடவை கிடையை ரெண்டு வாரம் தள்ளிப் போட்டிருக்கேன். ஃபைனல் முடிஞ்ச மறுநாள் ஆடு வரும். அந்தப் பையனும் ஆட வாரானாம், இப்ப காலேஜ் முடிச்சுட்டான். அவன் அம்மாவையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன். முதல் ஆட்டம் காலை ஆறு மணிக்கு.