நம் வீட்டுக்கு யார் வந்தார்கள்?

தலையில் அடிபட்டவர் பிழைத்து வீடு திரும்பிவிட்டார். ஊரோடு மறுபடி சேர்ந்துவிட்டாரா? இதை அளக்க ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. பாரி வில்லரும் அவர் குழுவினரும் 1993இல் வெளியிட்ட 'சமூக ஒருங்கிணைவுக் கேள்வித்தாள்'. 15 கேள்விகள், மொத்தம் 29 மதிப்பெண். வீட்டு வேலை, சமூக உறவு, வேலையும் படிப்பும் என மூன்று பகுதிகள். சமையல் யார் செய்கிறார், மாதத்தில் எத்தனை முறை கடைக்குப் போகிறார், எத்தனை முறை நண்பர், உறவினர் வீட்டுக்குப் போகிறார் என்று கேட்கும். மதிப்பெண் கூடினால் ஒருங்கிணைவு கூடியது என்று பொருள்.

இந்தத் தாளோடு சிதறால் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். கையாள் வேலையில் சாரத்திலிருந்து விழுந்த அண்ணன் அவர். "மாசத்துல எத்தன தடவ மத்தவங்க வீட்டுக்குப் போவீங்க?" என்றோம். அவர் யோசிப்பதற்குள் மனைவி சிரித்துவிட்டார். "அடிபடியதுக்கு முன்ன மட்டும் யாருக்க வீட்டுக்குள்ள ஏறினாவ? முத்தத்துல நின்னு கூலிய வாங்கிட்டு வருவாவ."

ஆனால் சொந்தக்காரர் வீடுகளுக்குத் தினமும் போகிறார். எல்லாரும் அதே தெரு. மாதம் ஐந்து முறையோ அதற்கு மேலோ என்றால் முழு மதிப்பெண் 2. போட்டோம். தாளின்படி அவர் சேர்ந்துவிட்டார். சேர்ந்தது எந்த ஊரோடு? அதற்குத் தாளில் கட்டம் இல்லை.

மருத்துவ அளவுகோலில் சாதியை ஏன் இழுக்கிறீர்கள் என்று சிலர் கேட்கலாம். மறுவாழ்வு என்றால் அடிபடுவதற்கு முந்தைய நிலைக்குத் திரும்புவது என்கிறார்கள். முந்தைய நிலையே முற்றம் என்றால்? முற்றத்தில் நின்றவரை மறுபடி முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தவா இத்தனை சிகிச்சை?

இது பழைய திருவிதாங்கூர் மண். 1893இல் அய்யன்காளி வில்லுவண்டி ஏறிப் பொதுச்சாலையில் போனார். கேள்வித்தாள் வருவதற்கு நூறு ஆண்டு முன்பு. 'எத்தனை முறை வெளியே போகிறாய்' என்பது நமக்கு அன்றிலிருந்தே உரிமைக் கேள்வி.

அதற்காக அளவுகோலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. தலைக்காயம் அதில் தனி வகையாக இல்லை. கை கால் ஓடுகிறவரின் மறதியும் கோபமும் வெளியே தெரியாது. வேலை போனதும் உறவு அறுந்ததும் எண்ணிக்கையாக நம் கையில் இருந்தால்தான் அலுவலகத்தில் வாதாட முடியும்.

ஆய்வுக்கு இந்தத் தாளை எடுக்கும் தோழர்களே, தமிழாக்கியதோடு நிறுத்தாதீர்கள். மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடிபடுவதற்கு முன் யார் வீட்டுக்குள் போனீர்கள்? அடிபட்ட பிறகு மறுபடி வேலைக்கு யார் கூப்பிட்டார்கள்? உங்கள் தெருவுக்கு வெளியிலிருந்து யார் உங்கள் வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, ஒரு சாயா குடித்தார்கள்?

மூன்றாவது கேள்விக்கு அந்த அண்ணன் சொன்ன பதில்: "நீங்கதான்."