வேகமா வளர்ந்தா போதுமா? தென்காசி சென்னையை எப்போ எட்டும்?

2019 நவம்பரில் தனி மாவட்டமானது தென்காசி. இங்குள்ள மத்தளம்பாறையில் 2011 முதலே ஸோஹோ அலுவலகம் இயங்குகிறது. அப்போ, சென்னையுடனான வருமான இடைவெளி மறைந்துவிடுமா?

பொருளாதாரம் சொல்வது என்ன?

பின்தங்கிய பகுதி வேகமாக வளர்ந்து, முன்னேறிய பகுதியை நெருங்குவதுதான் 'ஒருங்கல்'. முதலீடு குறைவான இடத்தில் புதிதாகப் போடும் ரூபாய்க்குப் பலன் அதிகம் என்பதே இதன் அடிப்படை. 1956ல் ராபர்ட் சோலோ முன்வைத்த மாதிரி இதைத்தான் சொல்கிறது.

கணக்கு சொல்வது என்ன?

தென்காசியில் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1 லட்சம், சென்னையில் 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வளர்ச்சி இங்கே 6%, அங்கே 4%. ஒரு வருஷத்தில் வருமானம் 1.06 லட்சம், 2.08 லட்சம் ஆகும். இடைவெளி 1.02 லட்சம்! அதாவது, வேகமாக வளர்ந்தும் இடைவெளி கூடுகிறது. 16 வருஷம் இப்படியே கூடி, அதன் பிறகுதான் குறையும். எட்டிப்பிடிக்க 37 வருஷம் ஆகும்.

சிக்கல் எங்கே?

கணிதத்தில் ஒருங்கலுக்குக் கறாரான விதி உண்டு. எவ்வளவு சின்ன இடைவெளியைக் குறித்தாலும், ஒரு கட்டத்துக்கு மேல் அதற்குள்ளேயே நிற்கணும். நெருங்கி நெருங்கி விலகினால் கணக்கில் சேராது.

குற்றால சீசனோ ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான். சாரல் பொய்த்தால் லாட்ஜ், கடை, ஆட்டோ வருமானமும் போச்சு. அதனால் ஆண்டு முழுக்க சம்பளம் தரும் வேலைகள் பெருகணும்.

இனி 'வளர்ச்சி இத்தனை சதவீதம்' என்று யாராவது சொன்னால், ரூபாயில் இடைவெளி குறைந்ததா என்றும் கேளுங்க.