ஆச்சிக்கும் பேத்திக்கும் நடுவில் அரை நொடி

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏழு மணி. சான்ட்ரிங்ஹாமில் குளிர்காலம். பாளையங்கோட்டையில் அப்போ மதியம் பன்னிரண்டரை. அம்மா சோறு வடித்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே போன் முன்னால் உட்காருகிற நேரம்.

"ஏட்டி, இன்னைக்கு என்ன சாப்ட்ட?"

என் மகளுக்கு ஆறு வயசு. தமிழில் கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் வரும். யோசித்தாள். "தோசை" என்றாள். அந்த தோசை ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் அம்மா, "கேக்குதா? என்ன சாப்ட்டன்னு கேட்டேன்" என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார். மகள் திரும்பவும் "தோசை" என்றாள். அதே சமயம் முதல் தோசை அங்கே போய்ச் சேர, "தோசையா? தொட்டுக்க என்ன?" என்று அம்மா கேட்டது இவள் குரல் மேல் வந்து விழுந்தது. இப்படியே மூன்று சுற்று. போனை என் கையில் திணித்தாள். "ஆச்சி நான் சொல்றதைக் கேட்கவே மாட்டேங்கறாங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

அம்மா ஒரு பெருமூச்சு விட்டார். "பிள்ளைக்குத் தமிழ் மறந்துட்டு போலயே. வீட்டுல இங்கிலீஷ்தான் பேசுதியளோ?"

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்கவில்லை. ஆனால் அது அவளுக்குப் பட்டது எனக்குத் தெரியும். உங்களில் பலரைப் போல அவளும் இங்கேயே வளர்ந்தவள். தொண்ணூறுகளில் காலிங் கார்டைச் சுரண்டி, நம்பர் அழுத்தி, கோயம்புத்தூர் பாட்டியோடு கத்திக் கத்திப் பேசியவள். "உனக்குத் தமிழ் வராதுடி" என்று அந்த லைனில் கேட்டு வளர்ந்தவள். அந்தப் பேச்சு தன் மகளுக்கும் வந்துவிடக்கூடாது என்றுதான் சனிக்கிழமை தோறும் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள்.

அதே வாரம் ஆபீசிலும் ஒன்று நடந்தது. நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவன். டீம் லீட் சிட்னியில். "மீட்டிங்ல கேள்வி கேட்டா நீங்க கொஞ்சம் தயங்குறீங்க. தெரிஞ்ச விஷயத்தையே தெரியாத மாதிரி சொல்றீங்க" என்றார். நல்ல மனுஷர், அக்கறையாகத்தான் சொன்னார். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. என் இங்கிலீஷா? உச்சரிப்பா? நிஜமாகவே தயங்குகிறேனா?

ரெண்டு பேச்சும் எங்கள் வீட்டுப் பின்னறையில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து நடந்தவை. இது எனக்கு உறைக்க ரெண்டு நாள் ஆனது. பதினைந்து வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவனுக்கு இது கொஞ்சம் வெட்கம்தான்.

மனுஷர்கள் ஒருத்தர் பேசி முடித்து இன்னொருத்தர் ஆரம்பிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பத்து மொழிகளில் அளந்து 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. தமிழ் அதில் இல்லை. சராசரி இடைவெளி சுமார் 200 மில்லிசெகண்ட், அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. அதைவிட நீண்டால் எதிராளி தயங்குகிறார், கவனிக்கவில்லை, பிடிக்கவில்லை என்று நம் மூளை தானாகவே அர்த்தம் கட்டிவிடும். 2014-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் போன் இணைப்பில் வேண்டுமென்றே தாமதத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள்.  பேசியவர்கள் மறுமுனையில் இருந்த ஆளைக் குறை சொன்னார்கள்.

என் அம்மாவும் டீம் லீடும் செய்தது இதைத்தான். நடுவில் இருந்த தாமதத்துக்கு ஒருவர் 'தமிழ் மறந்துட்டு' என்று பேர் வைத்தார், இன்னொருவர் 'தயக்கம்' என்று பேர் வைத்தார்.

முதலில் நானும் எல்லோரும் செய்வதைத்தான் செய்யப் பார்த்தேன்: பெரிய பிளானுக்கு மாறுவது. நல்ல வேளை, பணம் கட்டுமுன் யோசித்தேன். ஒரு குரல் அழைப்புக்கு எவ்வளவு வேகம் வேண்டும்? பழைய டெலிபோன் தரத்துக்கு நொடிக்கு 64 கிலோபிட் போதும். 2012-ல் வந்த ஓபஸ் என்ற குரல் முறை அதில் பாதியிலேயே இன்னும் தெளிவாகப் பேசவைக்கும். எங்கள் வீட்டில் இருப்பதோ 300 மெகாபிட் ஃபைபர். ஆயிரக்கணக்கான குரல்களைத் தாங்கும் குழாய் அது.

அப்படியானால் படம் நன்றாக ஓடும்போது பேச்சு மட்டும் ஏன் உடைகிறது? படம் அடுத்த பல நொடிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். பேச்சுக்கு அது முடியாது, அடுத்த வார்த்தையை இன்னும் யாரும் சொல்லவே இல்லையே. குரலைப் பெரும்பாலும் 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக வெட்டி, நொடிக்கு 50 பொட்டலமாக அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமாக வருவதும் தொலைந்துபோவதும் ஒன்றுதான்.

ஈடன் பார்க்கில் மேட்ச் முடிந்த ராத்திரி சான்ட்ரிங்ஹாம் ரோட்டில் கார் எடுத்திருக்கிறீர்களா? ரோடு அதே அகலம்தான். முன்னால் நிற்கிற வரிசைதான் பிரச்சினை. எங்கள் வீட்டில் அந்த வரிசை, ஞாயிறு சாயங்காலம் போன்கள் ரெண்டும் வார இறுதிப் படங்களையும் வீடியோக்களையும் மேலே ஏற்றுவது. வார நாளில், என் லேப்டாப்பே பெரிய கோப்புகளை ஏற்றுவது. ரவுட்டரும் வைஃபையும் எதையும் தூக்கிப்போட மனசில்லாமல் எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்திவைக்கும். 'தோசை' என்ற சின்னப் பொட்டலம் அத்தனை வீடியோவுக்கும் பின்னால் நிற்கும். இதற்கு ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 'பஃபர்ப்ளோட்' என்று பேர் வைத்தார். அவரும் தன் வீட்டு இணையத்தில் கோப்பு ஏற்றும்போதுதான் இதைக் கண்டுபிடித்தார். 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் இதற்கு 'கோடெல்' என்ற தீர்வை வெளியிட்டார்கள்.

நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். ஃபாஸ்ட்.காம் தளத்தில் கூடுதல் விவரத்தைத் திறந்தால் லேட்டன்சி என்று ரெண்டு எண் காட்டும்: லைன் சும்மா இருக்கும்போது ஒன்று, வேலை இருக்கும்போது ஒன்று. வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்தே பாருங்கள். எனக்கு முதலாவது 10-க்குக் கீழே. படங்கள் ஏறும்போது இரண்டாவது 600-ஐத் தாண்டியது. அரை நொடிக்கும் மேல், அதுவும் எங்கள் ஹாலுக்கும் பின்னறைக்கும் நடுவிலேயே!

அப்புறம் செய்தவை இவை, பலன் தந்த வரிசையில்.

முதலில் கேபிள். இங்குள்ள பழைய மரவீடுகள் தூண்மேல் நிற்பவை, அடியில் தவழ இடம் இருக்கும். ஒரு சனிக்கிழமை சிலந்திகளோடு தவழ்ந்து, ஹாலிலிருந்து பின்னறைக்கு ஒரு நெட்வொர்க் கேபிள் இழுத்தேன். நடுவீட்டுச் செங்கல் புகைபோக்கி வைஃபையை எப்படி மறைத்திருக்கிறது என்பது அன்றுதான் புரிந்தது. கேபிள் முடியாவிட்டால் 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு 5-க்கு மாறுங்கள். மைக்ரோவேவ் அடுப்பு தொந்தரவு செய்வது 2.4-ஐத்தான்.

இரண்டாவது, படங்கள் ராத்திரி தூங்கும்போது ஏறட்டும். போன் செட்டிங்கில் ரெண்டு நிமிஷ வேலை, காசு கிடையாது.

மூன்றாவது, ரவுட்டரில் எஸ்.க்யூ.எம். அல்லது 'ஸ்மார்ட் க்யூ' மாதிரி ஏதாவது இருந்தால் அதை ஆன் செய்து, வேகத்தை நிஜ வேகத்தில் 90 சதவீதம் அளவுக்கு வையுங்கள். பத்து சதவீதத்தை விட்டுக்கொடுத்தால் வரிசை கரையும்.

நான்காவது, ஹெட்செட். பல ப்ளூடூத் ஹெட்செட்டுகள் மைக் ஆன் ஆனதும் தரம் குறைந்த முறைக்கு மாறும், தாமதமும் கூடும். ஒயர் போட்ட சாதாரண ஹெட்செட் மேல். ஆபீஸ் வி.பி.என். வழியாகத்தான் மீட்டிங் போகிறது என்றால், அழைப்பை மட்டும் நேராக அனுப்ப முடியுமா என்று ஐ.டி. ஆட்களிடம் கேளுங்கள்.

அம்மா பக்கமும் ரெண்டு வேலை. ஸ்பீக்கரில் பேசும்போது டி.வி.யை அணைப்பது. ஸ்பீக்கர் போன் எதிரொலியைத் தடுக்க, ஒருவர் பேசும்போது மற்றவர் குரலை அமுக்கும். சீரியல் வசனம்கூட அதற்கு ஒரு குரல்தான். அப்புறம், இழுத்தால் வீடியோவை நிறுத்திவிட்டுக் குரல் மட்டும். "முகத்தப் பாக்காம என்ன பேச்சு?" என்று கோபித்துக்கொண்டார். முதலில் அஞ்சு நிமிஷம் முகம், பிறகு பேச்சு என்று சமரசம் ஆனது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு தாமதம் போகாது. ஆக்லாந்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நேர்க்கோட்டிலேயே 11,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். நேராகப் போனாலே 55 மில்லிசெகண்ட். கடலடி கேபிள்கள் நேராகப் போவதும் இல்லை. ஒருவழித் தாமதம் 150-க்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. நாம் அந்த எல்லைக்குப் பக்கத்திலேயேதான் எப்போதும் நிற்போம்.

அதனால் கடைசி மாற்றத்தை மனுஷர்களிடம்தான் செய்தேன். அம்மாவிடம் நடந்ததை விளக்கினேன். "கேட்டுட்டு ஒரு மடக்கு தண்ணி குடிங்கம்மா. அதுக்குள்ள பதில் வந்துடும்." டீம் லீடிடமும் சொன்னேன், என் பழைய லேட்டன்சி எண்களைக் காட்டினேன். சிரித்துவிட்டு, அவர் வீட்டில் அளந்து பார்க்கப் போனார்.

போன ஞாயிறு அம்மா கேட்டார், "ஏட்டி, பள்ளிக்கூடத்துல இன்னா யாரு உன் கூட்டாளி?" கேட்டுவிட்டுத் தம்ளரைத் தூக்கினார். மகள் யோசித்தாள். பேர் சொன்னாள். அப்புறம் அந்தப் பெண்ணின் பூனை, பூனையின் குட்டிகள், ஒரு குட்டி கட்டிலுக்கு அடியில் ஒளிந்தது, 'ஒளிஞ்சுது' என்பதற்கு வார்த்தை கிடைக்காமல் கையால் காட்டியது... பதினோரு நிமிஷம். அவள் அம்மா வாசலில் நின்று முழுசாகக் கேட்டாள்.

போன் வைக்கும்போது என் அம்மா என்னிடம், "நல்லாத்தான பேசுதா, ஏன் இவ்வளவு நாள் வாய மூடிக்கிட்டு இருந்தா?" என்றார்.

இந்த வாரக் கடைசியில் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி அந்த ரெண்டு எண்ணையும் எடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் என்ன வந்தது, எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த மாதம், பிள்ளைகளின் டேப்லெட்டில் தமிழ் விசைப்பலகை போடுவது பற்றிப் பேசலாம்.